விடுபட்ட ஒற்று

உள்ளே வருவதற்கு ஒரு டோக்கன் போதும். வெளியே போவதற்குத்தான் கையெழுத்து வேண்டும்.

வாய்தா இதைத் தெரிந்துகொண்டது பிற்பகல் மூன்று நாற்பதுக்கு. ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று கதவுப் பக்கம் போனவனைக் காவலாளி மரியாதையாகத் தடுத்து, வெளியேறும் சீட்டு எங்கே என்று கேட்டார். நான்காம் கவுண்டரில் கிடைக்கும் என்றும் சொன்னார். நான்காம் கவுண்டரில் இருந்த பெண், புகார் முடிந்தால்தான் சீட்டு தர முடியும் என்றாள். புகார் எப்போது முடியும் என்று கேட்டதற்கு, சீட்டில் கையெழுத்துப் போட்டால் முடியும் என்றாள்.

அவன் திரும்பி வந்து அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் விழுந்தான்.

“ஜெயில்லகூட விடுதலைத் தேதின்னு ஒண்ணு சொல்லுவாங்கக்கா.”

“மெதுவாப் பேசு. தொண்டை கட்டியிருக்குன்னு சொன்னியே,” என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமலே.

வாய்தா வாயை மூடிக்கொண்டான். தொண்டை கட்டியிருக்கவில்லை. ஆனால் அவனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி, மடக்குக் கோலை முழங்காலுக்கிடையில் நிறுத்தி உட்கார்ந்திருந்த வாத்தியாருக்கு முன்னால் அவன் தன் சொந்தக் குரலில் பேசவே கூடாது. இரண்டு நாளாக இருமி இருமி, கரகரத்து, பாதிப் பேச்சைச் சைகையில் முடித்து ஓட்டிக்கொண்டிருந்தான். வாய் ஒன்றை நம்பியே பிழைத்தவனுக்கு இது பட்டினி மாதிரி.

அவர்கள் இருந்தது ஒரு பெரிய மின்சாதனக் கடையின் இரண்டாம் மாடி, சர்வீஸ் சென்டர். கீழே விற்பார்கள், மேலே திரும்ப வாங்கமாட்டார்கள். ஜன்னல் எதுவும் திறக்காது. கண்ணாடிக்கு அப்பால் தெருவில் ஜனங்கள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள், மீன்தொட்டிக்குள் இருந்துகொண்டு வெளியே நடக்கிற மனிதர்களைப் பார்ப்பது போல. நாற்காலிகளைத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு நோயாளி: ஒரு பெரியம்மாவிடம் இஸ்திரிப் பெட்டி, ஒரு இளைஞனிடம் ஒரு காது மட்டும் பாடுகிற ஹெட்போன், ஒரு தம்பதியிடம் லேப்டாப். இருவரும் ஆளுக்கு ஒரு ஓரத்தைப் பிடித்திருந்தார்கள், பங்கு பிரிக்க வந்தவர்கள் மாதிரி.

அக்கா பத்தொன்பது வருஷம் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தியவள். க், ச், த், ப் என்று சொற்களுக்கு நடுவில் வரவேண்டிய ஒற்றெழுத்து எங்கே விடுபட்டாலும் மோப்பம் பிடித்துவிடுவாள் என்று அங்கே எல்லோரும் அவளை ‘ஒற்றர்’ என்று கூப்பிட்டார்கள். அச்சகத்தை மூடியதும் அவள் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து அதே பெயரைப் பலகையில் எழுதி மாட்டினாள். வந்தவர்கள் எல்லோரும் அதை உளவு பார்க்கிற ஒற்றர் என்றே எடுத்துக்கொண்டு, காணாமல்போன நகை, காணாமல்போன கணவன் என்று துப்புக் கேட்டு வந்தார்கள். வாழ்க்கையில் அவள் திருத்தாமல் விட்ட ஒரே தப்பு அது. அதுதான் இப்போது சோறு போடுகிறது.

தம்பிக்கு வாய்தா என்று பெயர் வைத்தது அவள்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே எதையும் நாளைக்குத் தள்ளிப் போடுகிறவன். அவளிடம் உதவியாளாகச் சேர்வதற்கு முன் நான்கு வருஷம் இதே நிறுவனத்தின் இன்னொரு கிளையில் எக்ஸ்டென்டெட் வாரண்டி விற்றுக்கொண்டிருந்தான். ‘ஒரு வருஷம் கம்பெனி பொறுப்பு சார், அதுக்கு மேல ரெண்டு வருஷம் நாங்க பொறுப்பு’ என்பதை அவன் சொல்கிற இனிமையில், வாங்கின பொருளைவிட அந்தக் காகிதம்தான் உசத்தி என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் வாத்தியார். வாய்தா இன்னும் அக்காவிடம் சொல்லாத சங்கதி அதுதான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு நாளாகத் தள்ளி வந்திருந்தான்.

வாத்தியார் வரலாறு நடத்துகிறவர். பார்வை முப்பது வயதில் போய்விட்டது. மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய வாசிப்பான்தான் அவருக்குக் கண். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி, அதன் மேல் வளைந்த கழுத்து, கழுத்தின் நுனியில் விளக்கும் லென்ஸும். அச்சடித்த தாளை அடியில் வைத்தால் ஒரு பெண்குரல் நிதானமாகப் படித்துக் காட்டும். அந்தக் குரல் ஏழு நிமிஷம் படிக்கும். எட்டாவது நிமிஷம் பெட்டி சூடாகி ஊமையாகிவிடும். ஆறவைத்தால் மறுபடி ஏழு நிமிஷம்.

இரண்டு முறை சர்வீஸுக்குக் கொடுத்தார். இரண்டு முறையும் ‘பழுது காணப்படவில்லை’ என்று திரும்பி வந்தது. திங்கட்கிழமை பள்ளியில் புதுப் பாடப்புத்தகம். அவரால் பாடம் தயாரிக்க முடியாவிட்டால் சிரமப்பட வேண்டாம் என்று தலைமையாசிரியை அன்பாகச் சொல்லியிருந்தார். மணி அடிக்கிற வேலை காலியாக இருக்கிறதாம், உட்கார்ந்தே செய்யலாமாம். அதைச் சொன்னபோது மட்டும் வாத்தியாரின் குரல் கொஞ்சம் ஒடுங்கியது.

எக்ஸ்டென்டெட் வாரண்டியில் ஒரு நல்ல வாசகம் இருந்தது. மூன்று முறை புகார் செய்தும் பழுது நீங்காவிட்டால் புதுக் கருவி. வாத்தியார் கணக்கில் இது மூன்றாம் முறை. நிறுவனத்தின் கணக்கில் இது முதல் முறை, ஏனென்றால் முந்தைய இரண்டு புகாரும் ‘வாடிக்கையாளர் மனநிறைவோடு’ முடிந்துவிட்டதாகப் பதிவாகியிருந்தது. வாரண்டி இன்றைக்கு மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

நான் எப்போது மனநிறைவு அடைந்தேன் என்று வாத்தியார் அக்காவிடம் கேட்டார். பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகத்தான் கையெழுத்துப் போட்டாராம். மனைவி அப்படித்தான் படித்துச் சொன்னாளாம். அவர் கொண்டுவந்திருந்த அந்த இரண்டு சீட்டின் பிரதிகளையும் அக்கா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ரப்பர் ஸ்டாம்பில் ஒரே வரி. ‘பழுது பார்த்தபின் திருப்’ என்பது வரை தெளிவு. அடுத்த ஒரே ஓர் எழுத்து மையில் முழுகியிருந்தது. பிறகு சுத்தமான வெற்றிடம். பிறகு ‘பெற்றேன்’. இரண்டு சீட்டிலும் அதே எழுத்துதான் முழுகியிருந்தது.

“ஒற்று இல்லை,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டாள்.

இப்போது, வெளியேற முடியாத ஹாலில் நேரம் நான்கைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது, அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த நோட்டீஸைப் படி.”

வாய்தா படித்தான். ‘டோக்கனைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும். பொருளைச் சரிபார்த்துப் பெற்றுக்கொள்ளவும்.’

“அச்சுப்பிழை இருக்கா?”

“நான் உன் தம்பியே தவிர உன் ஆவி இல்லைக்கா. எனக்கெப்படித் தெரியும்?”

“இல்லை. ஒரு ஒற்றுகூட விடலை. ‘சரிபார்த்துப் பெற்றுக்கொள்ளவும்’ல நடுவுல ப் போட்டிருக்கான் பாரு. இதே கம்பெனி, இதே ஆள் எழுதினது. ‘திருப்பிப் பெற்றேன்’னு ஸ்டாம்பு செஞ்சிருந்தா அங்கேயும் ஒரு ப் வந்திருக்கும். அந்த இடம் மை படாம வெறுமையா இருக்கு. ப் இல்லை.”

“மறந்திருப்பான்.”

“மறக்கிற ஆள் எழுதினது இல்லை இது. அப்ப அது ‘திருப்பி’யே இல்லை. ‘திருப்’னு ஆரம்பிக்கிற சொல்லு, மிச்சம் ஒரே எழுத்து, பின்னால ப் வேண்டாம். சொல்லு பாப்போம்.”

வாய்தா உதட்டுக்குள் கூட்டிப் பார்த்தான்.

“திருப்தி. ‘பழுது பார்த்தபின் திருப்தி பெற்றேன்’.” பிறகு அடக்க முடியாமல், “அது இந்த மாடியிலே கிடைக்கிற பொருள் இல்லையேக்கா,” என்றான்.

வாத்தியார் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவன் அவசரமாக இருமினான்.

சீட்டில் கையெழுத்து வாங்கித்தான் கதவைத் திறக்கிறார்கள். பொருளைத் திரும்ப வாங்குகிறோம் என்று நினைத்து ஒவ்வொருவரும் பரம திருப்தி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வாத்தியார் மட்டுமல்ல, கண் தெரிகிற அவர் மனைவியும் ஏமாந்தாள். எதைத் தேடிப் பார்த்தாளோ அதைப் படித்தாள். ஆனால் தெரிந்துகொண்டதால் என்ன லாபம் என்று வாய்தா யோசித்தான். கையெழுத்துப் போட்டால் மூன்றாவது முறையும் திருப்தி. போடாவிட்டால் பெட்டி உள்ளேயே இருக்கும், ஐந்து மணிக்குப் புகார் ‘கைவிடப்பட்டது’ ஆகிவிடும். உட்கார்ந்தே இருந்தாலும் ஐந்து மணி வரத்தான் போகிறது. கதவுக்குப் பூட்டுகூட இல்லை. காகிதத்திலேயே கட்டி வைத்திருந்தார்கள்.

நான்கு இருபதுக்கு அவர்கள் எண் வந்தது.

கவுண்டர் பெண் வாசிப்பானைக் கொண்டுவந்து வைத்தாள். பழுது காணப்படவில்லை என்று மனப்பாடமாகச் சொன்னாள். ஐந்து நிமிஷம் சோதித்துப் பார்க்கலாம், அதுதான் விதி என்று ஒரு சோதனை அட்டையை லென்ஸுக்குக் கீழே வைத்தாள். விளக்கு எரிந்தது. பெண்குரல் கணீரென்று, “நல்வரவு. இந்தக் கருவி நன்றாக இயங்குகிறது,” என்றது.

“பாருங்க, அதுவே சொல்லுது,” என்றாள் கவுண்டர் பெண். அவள் கிண்டல் செய்யவில்லை. களைத்துப் போயிருந்தாள்.

ஐந்து நிமிஷம் முடிந்ததும் பெட்டியை அணைத்தாள். ஏழு நிமிஷம் உழைக்கிற பெட்டிக்கு ஐந்து நிமிஷப் பரீட்சை. எந்தப் பையனும் தேறிவிடுவான். சீட்டை எடுத்து ஸ்டாம்பைக் குத்தி, கையெழுத்துப் போடும் இடத்தை வாத்தியாரின் விரலுக்குக் காட்டினாள். அந்த ஓர் எழுத்து வழக்கம்போல மையில் முழுகியிருந்தது.

வாத்தியார் விரலை எடுத்துக்கொண்டார்.

“இதுல என்ன எழுதியிருக்கும்மா?”

வழக்கமான ரசீதுதான் என்றாள் அவள். அக்கா குறுக்கிட்டு, கையெழுத்துக்குக் கீழே ‘வாசித்து அறிந்தேன்’ என்று அச்சடித்திருப்பதைக் காட்டினாள். இவர் இன்னும் வாசிக்கவில்லையே என்றாள். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. அதற்கென்ன, நானே படித்துக் காட்டுகிறேன் என்று சீட்டைக் கேட்டுக் கை நீட்டினார்.

“உங்களுக்கு எதுக்கு சிரமம்? அவர் பெட்டிதான் இருக்கே. பழுது இல்லைன்னா அது படிக்கும். படிக்கலைன்னா பழுது இருக்கு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க,” என்றாள் அக்கா.

மேனேஜரின் சிரிப்பு அங்கேயே இருந்தது. கண் மட்டும் எங்கோ போய்விட்டு வந்தது. சரி, சீட்டை மட்டும் படிக்கட்டும் என்றார். சீட்டின் பின்புறம் ‘வாரண்டி விதிமுறைகளுக்கு உட்பட்டது’ என்றிருப்பதால் அதையும் படித்தால்தான் அறிந்ததாகும் என்று அக்கா பதினோரு பக்கத்தையும் பையிலிருந்து எடுத்து வைத்தாள். ஹாலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கவுண்டரைச் சுற்றி நின்றார்கள். வேறு எங்கேயும் போக வழியில்லாதவர்களுக்கு வேடிக்கை பார்ப்பதுதான் ஒரே போக்கிடம்.

விளக்கு ஈர மையின் மேல் விழுந்து, அடியில் அழுந்தியிருந்த எழுத்தின் விளிம்பைக் காட்டியது. பெண்குரல் ஒரு கணம் தயங்கியது.

“பழுது பார்த்தபின் திருப்தி பெற்றேன்.”

ஹெட்போன் இளைஞன் சட்டைப்பையிலிருந்து பழைய சீட்டு ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தான். லேப்டாப் தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், கல்யாணமான பிறகு முதல் தடவையாக ஒரே அபிப்பிராயத்துக்கு வந்தவர்கள் போல.

“கண்ணு இருக்கிறவங்க வேண்டியதைப் படிக்கிறோம். இந்தப் பெட்டிக்கு வேண்டியதுன்னு எதுவும் இல்லை,” என்றாள் அக்கா.

குரல் விதிமுறைகளுக்குள் போனது. ஒன்றாம் விதி, இரண்டாம் விதி. ஈரம் பட்டால் பொறுப்பில்லை. இடி விழுந்தால் பொறுப்பில்லை. எலி கடித்தால் பொறுப்பில்லை. நான்காம் விதியில் குரல் சொன்னது: “பார்வையற்ற அல்லது எழுத்தறியாத வாடிக்கையாளருக்கு விற்பனையாளர் விதிகளை வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்துக் காட்டப்படாத விதிகள் அவரைக் கட்டுப்படுத்தா.” வாய்தா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துச் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு நிமிஷம் தாண்டியது.

“ஒன்பதாம் விதி,” என்றது குரல். “இதன்படி வாடிக்கையாளருக்கு உள்ள உரிமை—”

அதோடு ஊமையானது.

பெரியம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு ஹால் முழுக்கச் சிரித்தது. கவுண்டர் பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேனேஜர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். அடங்கியதும், கோபப்படாமல், பழுது இருப்பதை ஒப்புக்கொள்கிறேன் என்றார். விற்பனையில் இருந்தவன் வாய்தா. சீக்கிரம் ஒப்புக்கொள்கிறவனிடம் வேறு சீட்டு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

பழுது இருக்கிறது, பதிவு செய்கிறேன், இது முதல் பழுது என்றார் மேனேஜர். முந்தைய இரண்டும் திருப்தி என்று கையெழுத்தாகிவிட்டது. மை சிதறியது எங்கள் குற்றம், மன்னியுங்கள். ஆனால் புறப்படும்போது கொடுக்கும் கையெழுத்து திருப்திக்கான கையெழுத்து என்று ஆறாம் விதியில் தெளிவாக இருக்கிறது. அந்த விதி தெரியாது என்று இவர் சொல்ல முடியாது. வாத்தியாரின் வாரண்டித் தாளை எடுத்து, கடைசிப் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார்.

“‘விதிமுறைகள் அனைத்தும் வாடிக்கையாளருக்கு வாசித்துக் காட்டப்பட்டன.’ விற்பனையாளர் கையெழுத்துப் போட்டிருக்கார். இப்ப நாலு நாற்பத்தெட்டு. அஞ்சு மணிக்கு மேல ரெண்டாவது பழுதும் கிடையாது, மூணாவதும் கிடையாது. நான் என்ன செய்ய முடியும் மேடம்?”

அக்கா அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சுழிப்பு, கீழே இரண்டு புள்ளி. பெயர் எதுவும் தெரியாது. யாருடையது என்று கண்டுபிடிக்க ஆறு மாசம் ஆகும். கிடைத்தாலும் அவன் வந்து, ஆமாம் படித்துக் காட்டினேன் என்றுதான் சொல்வான். எந்த மடையன் வேறு மாதிரி சொல்வான்?

வாத்தியார் கோலை மடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு துண்டாக, அவசரமில்லாமல். அந்தச் சத்தம் வாய்தாவுக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை ஒரு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வேறொருவர் நடத்துகிற பாடத்தைக் கேட்டுக்கொண்டு, நேரமானால் கயிற்றை இழுக்கிற ஒரு மனிதரை அவன் பார்த்தான்.

நாளைக்கு என்று தள்ளுவதற்கு நாளை எதுவும் மிச்சமில்லை. பன்னிரண்டு நிமிஷம் இருந்தது.

“அந்தக் கையெழுத்து என்னோடது,” என்றான்.

சொந்தக் குரல். இரண்டு நாளைக்குப் பிறகு அது அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

மேனேஜர் புரியாமல் பார்த்தார். வாய்தா பேனாவை எடுத்து ஒரு டோக்கன் தாளின் பின்னால் அதே சுழிப்பைப் போட்டு, கீழே இரண்டு புள்ளி வைத்துக் காட்டினான். முன்னே இதே நிறுவனத்தில் வாரண்டி விற்றவன், இப்போது அக்காவின் துப்பறியும் ஆபீஸில் இருக்கிறேன் என்று சொல்லத் தொடங்கினான். அன்றைக்கு மாசக் கடைசி, கடை சாத்துகிற நேரம், இன்னும் ஒரு வாரண்டி விற்றால் அவன் இலக்கு முடிந்துவிடும். பதினோரு பக்கம் படித்துக் காட்டினால் ஒரு மணி நேரம் ஆகும். எல்லாம் வழக்கமான சங்கதிதான் சார் என்று சொல்லிவிட்டு, படித்துக் காட்டியதாகக் கையெழுத்துப் போட்டான். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

“ஒரு வரிகூடப் படிக்கலை. அதனால உங்க ஆறாம் விதி இவரைக் கட்டுப்படுத்தாது. நாலாம் விதி இப்பதான் எல்லாரும் கேட்டோம்.”

“இதை எழுதிக் கொடுப்பீங்களா?”

“கொடுக்கிறேன்.”

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். இப்போது அதில் உண்மையாகவே ஒரு அக்கறை இருந்தது போலத் தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

“யோசிச்சுக்கோங்க. பொய்க் கையெழுத்து போட்டேன்னு நீங்களே எழுதித் தர்றீங்க. நாளைக்கு நாங்க உங்க மேல கேஸ் போட்டா வேற சாட்சியே வேண்டாம். துப்பறியும் ஆபீஸ்னு வேற சொல்றீங்க. அந்த லைசென்ஸ் என்ன ஆகும்?”

வாய்தா அக்காவைப் பார்த்தான். பலகை அவளுடையது, லைசென்ஸ் அவளுடையது. எட்டு வருஷம் ஒரு ஆளாக நின்று கட்டியது. வேண்டாம் என்று ஒரு தலையசைப்பு வந்தால் போதும், அவன் பேனாவை வைத்துவிடுவான்.

அவள் கவுண்டர் பெண்ணிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி அவன் முன்னால் வைத்தாள்.

“தேதி மேலே. நேரமும் எழுது,” என்றாள்.

எழுதினான். ஏழு வரி. மேனேஜர் தலைமை அலுவலகத்தைக் கேட்கவேண்டும் என்று போனை எடுத்தார். தாராளமாகக் கேளுங்கள், நீங்கள் ஒப்புக்கொள்ளவே வேண்டாம், வந்து சேர்ந்ததாக நேரம் போட்டுக் கொடுத்தால் போதும், மிச்சத்தை நுகர்வோர் மன்றம் பார்த்துக்கொள்ளும் என்றாள் அக்கா. மேனேஜர் போனில் இருக்கும்போதே கவுண்டர் பெண் யாரையும் கேட்காமல் தாளை இழுத்து, ‘பெறப்பட்டது’ குத்தி, நான்கு ஐம்பத்தாறு என்று கையால் எழுதினாள். மூன்றாம் புகார், பழுது நீங்கவில்லை என்று கம்ப்யூட்டரிலும் தட்டிவிட்டாள்.

மேனேஜர் போனை வைத்தபோது சுற்றிலும் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள், கையில் ஆளுக்கொரு சீட்டோடு. அவர் அந்தச் சீட்டுகளை எண்ணினார் என்றே வாய்தாவுக்குத் தோன்றியது. எண்ணி முடித்ததும், கீழேயிருந்து ஒரு புது வாசிப்பான் கொண்டுவரச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாக அவர் மறுபடி போன் பேசுவது தெரிந்தது. பேசிக்கொண்டே வாய்தா எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துப் பார்த்து யாருக்கோ படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

புதுப் பெட்டி வந்தது. வாத்தியார் அதைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய்தா அவர் எதிரில் போய் நின்றான். மன்னிப்புக் கேட்க வேண்டும்.

“தொண்டை சரியாயிடுச்சா தம்பி?” என்றார் வாத்தியார்.

“சார்…”

“உங்க ஆபீஸ் கதவைத் திறந்து ‘வாங்க சார், உக்காருங்க’ன்னீங்களே, அப்பவே தெரியும். அன்னைக்குக் கடையிலயும் அதேதான் சொன்னீங்க, அதே ராகத்துல.”

“தெரிஞ்சும் ஏன் சார் ஒண்ணும் சொல்லலை?”

“நான் சொன்னா என்ன ஆகும்? இல்லைன்னு சொல்லிட்டுப் போயிருப்பீங்க. என் காதை யாரு சாட்சியா எடுத்துப்பாங்க?” வாத்தியார் பெட்டியின் மூலையைத் தடவினார். “இந்த ஊர்ல துப்பறியிற ஆபீஸ் நாலு இருக்கு. உங்க அக்காவைத் தேடி நான் வரலை. கடையில விசாரிச்சு, வேலையை விட்டுட்டு எங்கே போனீங்கன்னு கேட்டு, உங்களைத் தேடித்தான் வந்தேன். ரெண்டு நாளா நீங்க இருமறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். எப்பதான் வாயைத் திறப்பீங்களோன்னு.”

வாய்தா அக்காவைத் திரும்பிப் பார்த்தான். உனக்கும் தெரியுமா என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் அவனுக்குப் பேனா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்.

“எத்தனை பேருக்குடா இப்படிப் போட்டிருக்கே?” என்றாள் அவள்.

அவன் பதில் சொல்வதற்குள் யாரோ அவன் கையைத் தொட்டார்கள். இஸ்திரிப் பெட்டிப் பெரியம்மா. இடுப்பிலிருந்து எடுத்த ஒரு வாரண்டித் தாளை, நான்காக மடித்திருந்ததை, பிரித்து நீட்டினார்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அன்னைக்கே சொன்னேன் தம்பி. அடியிலே இருக்கிறது உன் கையெழுத்தான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லு.”

அவருக்குப் பின்னால் ஹெட்போன் இளைஞன் தன் பாட்டியின் தாள் வீட்டில் இருக்கிறது, போட்டோ வரவழைக்கவா என்று கேட்டான். அவனுக்கும் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். நான்காம் கவுண்டரைப் பார்த்து நின்ற வரிசை மெல்ல வளைந்து அவன் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து மேனேஜர் போனைக் காதில் வைத்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் இன்னொரு கேஸ்.

வாய்தா தாளைக் கையில் வாங்கினான். ஒரு சுழிப்பு, கீழே இரண்டு புள்ளி.

“என்னோடதுதான்மா,” என்றான். கவுண்டர் பெண்ணிடம் இன்னொரு வெள்ளைத் தாள் கேட்டுக் கையை நீட்டினான். “இருங்க. மேலே தேதி போட்டுக்கிறேன்.”